இரவில் இரண்டு முறை எழுந்தால் அது புற்றுநோயா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 52. என் அண்ணனுக்கு 59. ஏழு மாதமாக இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிஸ்க் தேய்மானம் என்று மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் நடந்தது. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவிவிட்டதாம். இத்தனைக்கும் அவருக்குச் சிறுநீர் போவதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. எனக்கோ ஒரு வருடமாக இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. போய்விட்டு வந்தாலும் மீதி இருப்பது போலவே இருக்கிறது. பயந்துபோய், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். பி.எஸ்.ஏ. 5.2 என்று வந்திருக்கிறது. இளவயதில் எனக்கிருந்த சுய இன்பப் பழக்கம்தான் காரணமோ என்று மனது அரிக்கிறது. எனக்கும் வந்துவிட்டதா? அண்ணனுக்கு இனி வழியே இல்லையா? 24 வயதில் மகன் இருக்கிறான், அவனுக்கும் வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்களை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை முடித்துவிடுவோம். சுய இன்பத்தால் புராஸ்டேட் புற்றுநோய் வராது. அமெரிக்காவில் சுமார் 32,000 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், அடிக்கடி விந்து வெளியேறியவர்களுக்கு இந்த நோய் சற்றுக் குறைவாகவே வந்திருந்தது. என் அறைக்கு வரும் எத்தனையோ பேர் இதே குற்றவுணர்வைப் பத்து, இருபது வருடம் சுமந்துகொண்டு வருகிறார்கள். பரிசோதனைக்கு வரவே தயங்கியதற்கு அதுதான் காரணம் என்று சிலர் பிறகு சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மனதிலிருந்து அதை இன்றே இறக்கிவைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வரியைத்தான்: "அவருக்குச் சிறுநீர் போவதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை." சிரமமே இல்லாத அண்ணனுக்கு நோய் முற்றியிருக்கிறது. சிரமப்படும் உங்களுக்கு நோய் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. இது எப்படி என்று புரிந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி எதற்காக இருக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல் உட்கார்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. இளம் வயதில் சுமார் 20 கிராம் எடை. விந்துத் திரவத்தின் ஒரு பங்கைச் சுரப்பது இதன் வேலை. வயது ஏற ஏற, குழாயை ஒட்டியிருக்கும் இதன் உள்பகுதி பருக்கத் தொடங்கும். அது புற்றுநோய் இல்லை, சாதாரண வீக்கம். 50 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்காவது இது இருக்கும். குழாயை உள்ளிருந்தே நெரிப்பதால்தான் சிறுநீர் மெல்லிய தாரையாக வருகிறது, முக்க வேண்டியிருக்கிறது, விட்டுவிட்டுப் போகிறது, போன பின்பும் மீதி இருப்பதுபோல் தோன்றுகிறது, இரவில் எழுப்புகிறது. நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவுகள் பெரும்பாலும் இந்த உள்பகுதிக் கதைதான். இந்த வீக்கம் நாளடைவில் புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

புற்றுநோய் பெரும்பாலும் வேறோர் இடத்தில் முளைக்கிறது. பத்தில் ஏழு, சுரப்பியின் பின்புற ஓரத்தில் தொடங்குபவை. மலக்குடலை ஒட்டிய பக்கம் அது. அங்கிருந்து சிறுநீர்க் குழாய் தள்ளி இருக்கிறது. கட்டி ஒரு நெல்மணி அளவிலிருந்து கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்தாலும் குழாயைத் தொடாது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, சிறுநீரில் மாற்றம் இல்லை. அண்ணனுக்கு நடந்தது இதுதான். ஆகவே "எனக்கு ஏதாவது அறிகுறி இருக்கிறதா?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இந்த நோயை ஆரம்பத்தில் பிடிக்க முடியாது. "எனக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு?" என்றுதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உடன்பிறந்த சகோதரருக்கோ அப்பாவுக்கோ இந்த நோய் இருந்தால், ஒருவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அப்பாவுக்கு இருந்ததைவிடச் சகோதரருக்கு இருந்தால் கூடுதல். நெருங்கிய உறவில் இரண்டு, மூன்று பேருக்கு இருந்தால், அதுவும் 65 வயதுக்கு முன்பே வந்திருந்தால், இன்னும் கூடும். குடும்பத்தைவிடவும் பெரிய காரணம் வயது. 40 வயதுக்குள் மிக அரிது, 50-க்கு மேல் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு இது அதிகமாகவும் இள வயதிலும் வருகிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் வந்தால் தீவிரமாக வருகிறது. இவற்றில் மாற்றிக்கொள்ள முடிந்தவை கடைசி இரண்டும்தான். மருந்துக்கடையில் "புராஸ்டேட் பாதுகாப்பு" என்று விற்கும் மாத்திரைகளைத் தேடிப் போகாதீர்கள். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வைட்டமின் ஈ, செலினியம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் எதுவும் இல்லை. 2011-இல் வெளியான முடிவில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாகவே வந்திருந்தது.

இப்போது அந்த 5.2-க்கு வருவோம். எண்ணைப் பார்த்ததும் நீங்கள் தீர்ப்பே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டீர்கள். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். வெளியேறும்போது கட்டியாக இருக்கும் விந்தை நீர்க்கச் செய்வதுதான் அதன் அன்றாட வேலை. அதில் துளியளவு ரத்தத்தில் கசிகிறது. சுரப்பிக்கு எது நேர்ந்தாலும் கசிவு கூடும்: சாதாரண வீக்கம், கிருமித் தொற்று, சிறுநீர் அடைப்பு, சிறுநீர் வெளியேற டியூப் போட்டது, நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டியது, முந்தைய இரண்டு நாளில் விந்து வெளியேறியது. புற்றுநோயும் இந்தப் பட்டியலில் ஒன்று. பி.எஸ்.ஏ. 4-க்கும் 10-க்கும் இடையில் உள்ள நூறு பேருக்குத் திசு எடுத்துப் பார்த்தால், சுமார் 25 பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். 10-ஐத் தாண்டினால் பாதிக்கு மேல். 4-க்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஆண்களுக்கும் திசு எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது 2004-இல் தெரியவந்தது.

அதனால் 5.2 என்பதைக் கதவு தட்டும் சத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கத்தான் வேண்டும். 52 வயது, அண்ணனுக்கு நோய், எண் 5.2: இந்த மூன்றும் சேர்ந்த பிறகு "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட நான் சம்மதிக்க மாட்டேன்.

சில வாரம் கழித்துப் பி.எஸ்.ஏ.வை அதே பரிசோதனைக் கூடத்தில் மறுபடி பாருங்கள். அதற்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, தொற்று இருந்தால் சரிசெய்துகொள்ள வேண்டும். தொற்று இருந்திருந்தால் ஆறு வாரமாவது பொறுப்பது நல்லது. இரண்டு நாள் முன்பிருந்து உடலுறவும் சைக்கிளும் வேண்டாம். இன்னொன்று: தலைமுடி உதிர்வுக்கோ புராஸ்டேட் வீக்கத்துக்கோ ஃபினஸ்டிரைடு, டூட்டஸ்டிரைடு என்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறீர்களா? அவற்றை ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிட்டவருக்குப் பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து காட்டும். அதாவது 5.2 என்றால் உண்மையில் பத்துக்கு மேல். முடிக்குச் சாப்பிடும் மாத்திரையை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

அதே சமயம் ஒரு சிறுநீரியல் நிபுணரிடம் விரல் பரிசோதனையும், அதாவது ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பதையும், செய்துகொள்ள வேண்டும். ஆண்கள் ஓடி ஒளிவது இதற்குத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று முறை டோக்கன் வாங்கிவிட்டுப் பெயர் கூப்பிடும் முன்பே எழுந்து போயிருக்கிறார். நான்காவது முறை மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பரிசோதனை முடிந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "அவ்வளவுதானா டாக்டர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். கையுறை, வழவழப்பான ஜெல், அரை நிமிடம். அவருடைய பி.எஸ்.ஏ. 2.8, யாரும் சந்தேகப்படாத எண். என் விரலுக்கு இடது ஓரத்தில் ஒரு கெட்டியான மேடு தட்டுப்பட்டது. அதைப் பின்தொடர்ந்து போய்த்தான் அவருடைய நோயைச் சுரப்பிக்குள் இருக்கும்போதே பிடித்தோம்.

விரல் என்ன தேடுகிறது என்று உங்கள் கையிலேயே பார்க்கலாம். கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரல் நுனியோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். கட்டைவிரலுக்கு அடியில் உள்ளங்கைச் சதை ஒரு மேடாகத் திரளும். அதைத் தொட்டுப் பாருங்கள், அழுத்தினால் திரும்பி வரும். நல்ல புராஸ்டேட் அப்படி இருக்கும். அடுத்து உங்கள் விரல் மூட்டைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கடினம் எங்கள் விரலுக்குத் தட்டுப்பட்டால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

மறுபடியும் பி.எஸ்.ஏ. உயர்ந்தே இருந்தாலோ, விரலுக்கு ஏதாவது தட்டுப்பட்டாலோ, அடுத்தது எம்.ஆர்.ஐ. முன்பெல்லாம் நேரே ஊசி போட்டுத் திசு எடுப்போம். எம்.ஆர்.ஐ.யை முதலில் எடுத்து, சந்தேகமான இடத்தைக் குறிவைத்துத் திசு எடுத்தால், தேவையற்ற பயாப்சியும் குறைகிறது, ஆபத்தான கட்டிகளும் தப்பாமல் சிக்குகின்றன என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு, முறையே மாறிவிட்டது. படத்தில் தெரியும் இடத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 1, 2 என்றால் ஆபத்தான கட்டி இருக்க வாய்ப்புக் குறைவு, 4, 5 என்றால் திசு எடுத்தே ஆக வேண்டும். உங்களுக்குக் குடும்பக் காரணம் இருப்பதால், படம் சுத்தமாக வந்தாலும் பயாப்சி வேண்டுமா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

பயாப்சி என்றதும் "ஊசி பட்டால் பரவிவிடும்" என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. அதற்குப் பயந்து நோயைத் தெரியாமல் விடுவதுதான் ஆபத்து. திசு எடுத்த பிறகு சில நாள் சிறுநீரில் ரத்தம் வரலாம், விந்தில் சில வாரம் வரை பழுப்பு நிறம் தெரியலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் திடுக்கிட மாட்டீர்கள். காய்ச்சலோ குளிரோ வந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒருவேளை புற்றுநோய் என்றே வந்தாலும், உடனே ஆபரேஷன் மேசைதான் என்று நினைக்க வேண்டாம். திசு அறிக்கையில் கிளீசன் எண் என்று ஒன்று இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்பதை வைத்து 6 முதல் 10 வரை போடுவது. 6 என்பது சோம்பேறிப் புற்றுநோய். பெரும்பாலானவர்களுக்கு அதை வெட்டவோ கதிர் பாய்ச்சவோ தேவையில்லை. பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்படும்போது மறு பயாப்சி என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து வருவோம், அது கிளம்பினால் அப்போது சிகிச்சை. பிரிட்டனில் ஆரம்பநிலை நோய் உள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். 15 ஆண்டு முடிவு 2023-இல் வந்தது. எந்தப் பிரிவில் இருந்தாலும், இந்த நோயால் இறக்காதவர்கள் நூற்றுக்கு 97 பேர். அறுவை சிகிச்சை சிலருக்குச் சிறுநீர்க் கசிவையும், பலருக்கு விறைப்புக் குறைவையும் தருகிறது. கதிர்வீச்சிலும் விறைப்பு பாதிக்கப்படும், சிலருக்கு மலக்குடல் தொந்தரவும் சேரும். அவசரமில்லாத நோய்க்கு அந்த விலையை ஏன் இன்றே கொடுக்க வேண்டும்? எண் 8, 9, 10 என்றால் பேச்சே வேறு. அங்கே தாமதம் கூடாது.

எண்பதைத் தாண்டி வேறு காரணத்தால் இறந்த ஆண்களின் புராஸ்டேட்டை வெட்டிப் பார்த்தால், ஏராளமானவர்களுக்குள் இந்தச் சோம்பேறிப் புற்றுநோய் இருக்கிறது. அது இருந்தது அவர்களுக்கே தெரியாது. 70 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் பி.எஸ்.ஏ. பார்க்க நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். 52 வயதில், அண்ணனுக்கு நோய் உள்ள நிலையில், உங்களுக்குக் கணக்கு வேறு.

அண்ணனைப் பற்றி. புராஸ்டேட்டைச் சுற்றியுள்ள சிரைகள் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளோடு இணைந்திருக்கின்றன. நோய் வெளியேறினால் இடுப்பு, முதுகு எலும்புகளில் போய்க் குடியேறுவதற்கு அதுவும் ஒரு வழி. இடுப்பு வலியை டிஸ்க் என்று நினைத்தது யாருக்கும் நேரக்கூடியது, ஏனென்றால் இடுப்பு வலியில் பெரும்பாலானது அதுதான். ஆனால் 50-ஐத் தாண்டிய ஆணுக்குப் புதிதாக வந்த வலி, படுத்தாலும் விடாமல் இரவில் எழுப்பும் வலி, வாரக்கணக்கில் நீடித்து எடையும் குறைகிற வலி என்றால், ஒரு பி.எஸ்.ஏ. பார்த்துவிடச் சொல்வேன்.

"இனி வழியே இல்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. இந்தப் புற்றுநோய் ஆண் ஹார்மோனை உண்டு வளர்கிறது. அதை நிறுத்தினால் பரவிய நோயும் சுருங்கும் என்று 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான். ஊசியாகக் கொடுக்கும் அந்த ஹார்மோன் சிகிச்சையோடு, அபிராட்டிரோன் போன்ற மாத்திரையையோ டோசிடாக்ஸல் கீமோவையோ தொடக்கத்திலேயே சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்பது உறுதியாகியிருக்கிறது. முழுதாகக் குணமாக்கிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வலி அடங்கி, எழுந்து நடமாடி, வேலைக்குப் போய், வருடக்கணக்கில் வாழ்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். சிகிச்சை மருத்துவரிடம் "ஹார்மோன் ஊசியோடு வேறென்ன சேர்க்கலாம்?" என்று மறக்காமல் கேளுங்கள்.

ஒன்றை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருங்கள். அவருக்குக் கால்கள் திடீரென்று வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, மலம் தெரியாமல் போனாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சில மணி நேரத் தாமதம்கூட அவருடைய நடையைப் பறித்துவிடும்.

அண்ணனுக்கு மரபணுப் பரிசோதனை ஒன்றும் செய்யச் சொல்லுங்கள். பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு, டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்யும் மரபணுக்களில் பிறவிக் கோளாறு இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ.2 அதில் முக்கியமானது. அது இருந்தால் அவருக்கே கூடுதலாக ஒரு வகை மருந்து பயன்படும். உங்களுக்கும் அது இருக்கிறதா என்று பார்க்கலாம். அக்கா தங்கைகள், மகள்கள் இருந்தால் அவர்களுக்கும் இது முக்கியம், ஏனென்றால் இதே மரபணுதான் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. ஆண்களின் நோய் என்று நினைத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லாமல் விடுவது இந்த இடத்தில்தான் தவறாகிப்போகிறது. உங்கள் மனைவியிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மருத்துவர் சொல்வதில் பாதி, பயத்தில் இருப்பவர் காதில் விழாது. கூட ஒருவர் இருந்தால் மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

இரவில் எழுவதற்குச் சர்க்கரை நோய், குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் தூக்கக் கோளாறு, படுக்கும் முன் நிறையத் தண்ணீர் குடிப்பது என்று வேறு காரணங்களும் உண்டு. பி.எஸ்.ஏ.வுக்கு ரத்தம் கொடுக்கும் அன்றே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். வீக்கம்தான் காரணம் என்றால் அதற்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.

உங்கள் மகனுக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம். 24 வயதில் பி.எஸ்.ஏ. பார்ப்பதில் பொருளே இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெரியப்பாவுக்கு எத்தனை வயதில் இந்த நோய் தெரிந்தது, திசு அறிக்கையில் என்ன எண் இருந்தது, மரபணு முடிவு என்ன, உங்கள் முடிவு என்ன, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, அவன் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் வைத்துவிடுங்கள். குடும்ப வரலாறு உள்ளவர்கள் 45 வயதில் பி.எஸ்.ஏ. பேச்சைத் தொடங்க வேண்டும், பி.ஆர்.சி.ஏ.2 இருந்தால் 40-லேயே. அந்தத் தாள் அவனுக்கு அப்போது தேவைப்படும்.